வாங்காமல் பார்க்க மட்டும் பெரிய கடைக்குப் போகிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

செந்தூல்காரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கார்டு கடன் கிடையாது. கண்டதையெல்லாம் வாங்கும் பழக்கமும் இல்லை. ஆனால் சம்பளம் வந்த வாரத்துச் சனிக்கிழமை, சோறு வடித்து வைத்துவிட்டு, செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ரயில் ஏறி துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இறங்கிவிடுவேன். நிலையத்திலிருந்து வெயில் படாமல் அப்படியே மாலுக்குள் நடந்துவிடலாம். 2023 நவம்பர் கடைசியில் மால் திறந்த அன்றே திறந்த செய்பு என்கிற ஜப்பானியப் பெரிய கடைதான் என் கோயில். இரண்டு மணி நேரம் சுற்றுவேன். எதுவும் வாங்கமாட்டேன். மிஞ்சிப்போனால் கீழே ஒரு பன்.

போன மாதம் ஒரு கம்பளிக் கோட்டு பார்த்தேன். சாம்பல் கட்டம் போட்டது. கோலாலம்பூர் வெயிலில் இதை யார் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். விலைச்சீட்டு எங்கேயும் தொங்கவில்லை. கைப்பகுதிக்குள் விரலை விட்டுத் துழாவினால், மெல்லிய கறுப்பு நூலில் கட்டின ஒரு சின்ன அட்டை. 6,890 வெள்ளி (ரிங்கிட்). சீட்டை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஏன் அப்படிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் திருடவா செய்தேன்?

வீட்டுக்காரர், "மியூசியத்துக்குப் போற மாதிரி போயிட்டு வர்ற. அங்கயாவது பழைய சாமான் இருக்கும்" என்கிறார். எனக்கு மட்டும்தான் இந்த வியாதியா? அந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை

வியாதியேதான். மருந்து: போகாதீர்கள்.

சும்மா சொல்லவில்லை. நானும் 'பார்க்க மட்டும்' போனவன்தான். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன சமயம், மனைவியோடு போய், பார்த்து, பார்த்து, 4,200 வெள்ளிக்கு ஒரு கைப்பையோடு வெளியே வந்தேன். கார்டில் ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கே வருஷ வட்டி 15 சதவீதம், தவறுகிறவனுக்கு 18 வரை போகும். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது முதல் மாதம் 210 வெள்ளி. அதில் 52 வெள்ளி 50 காசு வட்டிக்கே போய்விடும். மிச்சம் 157.50தான் அசலில் கழியும். அடுத்த மாதம் கட்ட வேண்டிய தொகையும் கொஞ்சம் குறையும், அதைப் பார்த்து மனசு லேசாகும். அங்கேதான் மாட்டுவோம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் அந்தப் பை நம் பெண்ணின் கல்யாணத்துக்குள் தீராது.

பை இப்போது அலமாரியில், துணி உறைக்குள் தூங்குகிறது. மழை வந்தால் வெளியே எடுக்கமாட்டாள், வெயில் அடித்தாலும் எடுக்கமாட்டாள். இந்த ஊரில் வேறு என்ன பருவம் இருக்கிறது?

பினாங்குப் பையன்

நாங்கள் எல்லாம் கமா கடையில் வளர்ந்தவர்கள் லா. டத்தோ கெராமாட் சாலையில் இருந்த அந்தக் கடைதான் எனக்குச் சின்ன வயதில் உலகத்திலேயே பெரிய கடை. எஸ்கலேட்டரில் ஏறி இறங்குவதற்கே தம்பியும் நானும் அழுவோம்.

முன்னாள் புரமோட்டர்

செந்தூல்காரி அக்கா, நீங்கள் சீட்டை உள்ளே தள்ளினதை அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி பார்த்திருப்பாள். அவள் உங்களைத் தப்பாக நினைத்திருக்கமாட்டாள். நான் ஆறு வருஷம் அப்படி நின்றவள்.

புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு பெரிய கடை. பேர் வேண்டாம். முதலில் மேக்கப் கவுண்டர், அப்புறம் பெண்கள் செருப்பு. பலருக்குத் தெரியாத ஒன்று: அங்கே நிற்கிற முக்கால்வாசிப் பேர் கடையின் ஆட்கள் இல்லை. புரமோட்டர்கள். சம்பளம் கொடுப்பது பிராண்டு. கடை இடத்தைக் கொடுத்து, விற்றதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அந்த மாதம் விற்கவில்லையென்றால் கடை முகம் சுளிக்கும், பிராண்டும் முகம் சுளிக்கும், இரண்டுக்கும் நடுவில் நாங்கள். 2019-இல் நான் வேலையை விட்டபோது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி. நான் மண்டியிட்டு மாட்டிவிட்ட ஒரு ஜோடிச் செருப்பு 3,200. மாட்டிவிடும்போது கை நடுங்காது, அதெல்லாம் முதல் வாரத்தோடு போய்விடும். நாற்காலி கிடையாது. பத்து மணி நேரம் நிற்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த மார்பிளில் பாதத்தை வைத்துக்கொள்வோம். முன்னால் சிரிப்பு, கீழே வெறுங்கால்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சொன்ன காரணம், வெளியே தொங்கினால் உடுப்பின் அழகு கெடும். நான் பார்த்த காரணம் வேறு. சீட்டைத் தேட கை உள்ளே போக வேண்டும். கை உள்ளே போனால் லைனிங் பட்டாகத் தட்டுப்படும். அதற்கு அப்புறம் விலையைப் பார்த்தாலும் மனசு முழுதாகத் திரும்பாது. இல்லையா?

வாசனைப் புட்டிகள் ஏன் எப்போதும் தரைத் தளத்தில், வாசலிலேயே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்களா? லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் 1909-இல் கடை திறந்து, வாசனையையும் மேக்கப்பையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அதுவரை அது மறைவாக விற்கிற சாமான். இடம் கொஞ்சம், லாபம் நிறைய, கதவைத் திறந்தவுடனே மூக்கு மயங்கிவிடும். இன்றைக்கும் எந்த ஊரில் போனாலும் அதே வரைபடம்தான்.

செந்தூல்காரி

தங்கச்சி, அந்த வெறுங்கால் விஷயம் மனசில் நின்றுவிட்டது. அடுத்த தடவை கவுண்டருக்குப் பின்னால்தான் என் கண் போகும்.

பெட்டாலிங் அம்மணி

என் அத்தை அந்தக் கடைகளின் காகிதப் பைகளை ஒன்றையும் தூக்கிப் போடமாட்டார். இஸ்திரி போட்டதைப் போல மடித்து, பீரோவுக்கு மேலே. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு முறுக்கு வந்தது ஒரு பிரெஞ்சு பிராண்டின் பையில், கறுப்பு ரிப்பன் கைப்பிடியோடு. பக்கத்து வீட்டுச் சீன அம்மா மூன்று நாளாக என்னிடம் மரியாதையாகப் பேசினார். சரி, இதற்கு எவ்வளவு வட்டி, கணக்குப்பிள்ளை?

(இணையத்தில் அந்த வெறும் பைகளையே விலைக்கு விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது.)

நைட் ஷிப்ட்

எல்லாரும் வாசனையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

ஷா ஆலமில் வேலை. இரவு வேலை முடிந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தங்கச்சிக்கு ஒரு வாசனைப் புட்டி வாங்கப் போனேன். கையில் காசு இருந்தது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு காவலாளி பின்னாலேயே. நான் நின்றால் அவர் நிற்கிறார். நான் கைக்குட்டையைப் பார்த்தால் அவர் கழுத்துப்பட்டையைப் பார்க்கிறார். என்னோடு அதே நேரத்தில் அரைக்கால் சட்டையும் ரப்பர் ஜப்பான் செருப்புமாக ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். அந்தப் புட்டியை ஆன்லைனில் வாங்கினேன், இருபது வெள்ளி குறைவாக.

கோயில் என்றீர்கள் அக்கா. நம்மில் சில பேருக்கு வாசலிலேயே நின்று கும்பிட வேண்டிய கோயில் அது.

கணக்குப்பிள்ளை

தம்பி, அது உங்கள் கற்பனையாகவும் இருக்கலாம் அல்லவா? காவலாளி சுற்றுவதுதான் அவர் வேலை.

நைட் ஷிப்ட்

நாலு தளம் கற்பனை பின்னாலேயே ஏறி வருமா அண்ணே?

முன்னாள் புரமோட்டர்

கற்பனை இல்லை. நானே செய்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். நான் நின்ற இடத்தில் மாதக் கடைசியில் சரக்கு எண்ணுவார்கள். குறைந்தால் கவுண்டர் ஆட்கள் தலையில் விழும். அதனால் ஒவ்வொருவரையும் எடை போடுவோம். முகம், கைக்கடிகாரம், கால். அதில் நிறமும் இருந்தது. நான் இந்தியப் பெண், நானே இந்தியப் பையன்கள் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஆனால் அந்த எடை எத்தனை முறை பொய்த்தது தெரியுமா? ஒருநாள் ரப்பர் செருப்பு, வெளுத்த டீ சட்டையோடு ஒரு பெரியவர். மூத்த புரமோட்டர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் புதுசு, எனக்கு எல்லாரும் ஒன்றுதான், போய்க் கேட்டேன். மூன்று மகள்களுக்கு மூன்று ஜோடி. பணமாகக் கொடுத்தார், ரப்பர் பேண்டு போட்ட கட்டு. கடைக்குள் யாருக்காவது கூச்சம் இருந்ததென்றால் அது என் மூத்தவளுக்குத்தான்.

பத்து ரோட்டுப் பெரியவர்

பிள்ளைகளா, எனக்கு எழுபதுக்கு மேல். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். வெள்ளைக்காரன் காலத்தில் கோலாலம்பூரில் வொயிட்அவே லெய்ட்லா என்று ஒரு கடை இருந்தது. கல்கத்தாவில் தொடங்கிய கம்பெனி, பினாங்கிலும் பெரிய கிளை. கடன் சொல்ல முடியாது, காசை வைத்தால்தான் சாமான். அதனால் துரைமாரே அந்தப் பேரைக் கிண்டலாகத் திருப்பி, 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்' என்பார்களாம். உடனே எடு, உடனே கட்டு. அப்பா மாதம் ஒருமுறை பட்டணம் வரும்போது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாராம். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஒரே ஒருநாள் உள்ளே போயிருக்கிறார், ஒரு தொப்பி வாங்க. தோட்டத்துத் தொப்பி. அளவு பார்க்கிற பையன் 'சார்' என்று கூப்பிட்டானாம். எங்களுக்கு இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். தொப்பியின் விலையை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பையன் கூப்பிட்டதை மட்டும் அதே குரலில் சொல்லிக்காட்டுவார்.

எங்கள் காலத்தில் பத்து ரோடு. இப்போது துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை. குளோப் சில்க் ஸ்டோரில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் அன்றைக்கு நாங்கள் ராஜா. அங்கே யாரும் யாரையும் எடை போட நேரமில்லை, கூட்டம் அப்படி. நம்ம பையன் சொன்ன வேதனைக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். பாரிசில் 1852 வாக்கில் பூசிக்கோ என்பவர் பான் மார்ஷே கடையில் பங்கு சேர்ந்த பிறகுதான் இந்த முறை பெரிதாக வளர்ந்தது: விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது, யாரும் உள்ளே வரலாம், வாங்காமலும் போகலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு முன் கடைக்குள் கால் வைத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம். செந்தூல்காரி அம்மா வாங்காமல் சுற்றுவது அந்தக் கடையின் குறை இல்லை, அதன் ஆணிவேரே அதுதான். உங்களைச் சுற்றவிடுவதற்காகத்தான் அதைக் கட்டினார்கள்.

பினாங்குப் பையன்

ஐயா, லெபோ பந்தாயில் அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. வொயிட்அவேஸ் ஆர்கேட் என்று பேர்கூட போகவில்லை. நான் அதன் நிழலில் நின்று எத்தனையோ தடவை கிராப் கார் கூப்பிட்டிருக்கிறேன், இது துரைமார் கடை என்று இன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம், பேரம் இல்லாதது நல்லதா? லெபோ பாசாரில் என் பாட்டி சேலைக்கடையில் உட்கார்ந்தால் காப்பி வரும், பேத்திக்குக் கல்யாணமா என்று கேட்பார்கள், நாற்பது சேலையைப் பிரித்துப் போடுவார்கள், "கடைசி விலை சொல்லுப்பா" என்று எழுந்து வாசல் வரை போவார், திரும்பக் கூப்பிடுவார்கள். அதுவும் ஒரு உபசாரம்தானே? பேரங்காடியில் உபசாரம் இருக்கிறது, பேச்சு இல்லை.

கணக்குப்பிள்ளை

எழுந்து போகிற நடிப்பு எனக்கும் தெரியும். மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் என் மனைவி அதில் முனைவர் பட்டம் வாங்கியவள். அதே ஆள் அந்தப் பெரிய கடையில் 4,200 என்றதும் 'சரி' என்றாள். ஒரு வெள்ளிகூடக் குறைக்கக் கேட்கவில்லை. கேட்க வெட்கம். ஒட்டின விலை நேர்மை என்கிறார் பெரியவர். எனக்கென்னவோ, வாயைக் கட்டுகிற வேலையைத்தான் அது செய்கிறது.

பெட்டாலிங் அம்மணி

இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? 1858-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ராபின்சன்ஸே 2020-இல் இங்கேயும் அங்கேயும் கடைகளை மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டது. கடைசி நாட்களில் நானும் போனேன். கண்ணாடி அலமாரிகளுக்கும் பொம்மைகளுக்கும்கூட விலை எழுதி ஒட்டியிருந்தார்கள். தலையில்லாத ஒரு பொம்மையைத் தம்பதியாக இரண்டு பேர் டாக்சியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி மறக்காது.

முன்னாள் புரமோட்டர்

மூடுகிறதும் உண்மை, செய்பு போல புதுசாகத் திறக்கிறதும் உண்மை. ஜப்பானியக் கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மேல் மாடியில் கண்காட்சியோ விற்பனை விழாவோ வைத்து ஆளை மேலே இழுத்துவிட்டால், இறங்கும்போது ஒவ்வொரு தளத்தையும் நனைத்துக்கொண்டு வருவார்கள். அதை அவர்கள் ஷவர் என்பார்கள். நிலத்தடியில் சாப்பாட்டை வைத்துக் கீழிருந்து மேலே தள்ளுவது நீரூற்று. அக்கா கீழே பன் சாப்பிடுகிறேன் என்றாரே, அவர் நீரூற்றில் அகப்பட்டவர்.

செந்தூல்காரி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இழை எங்கெங்கோ போய்விட்டது.

நைட் ஷிப்ட் தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒன்று உறைத்தது. நான் அங்கே போவதற்கு முன் உடுத்துகிறேன். நல்ல குர்த்தா, கண்ணில் மை, அலுவலகத்துக்குக்கூடப் போடாத செருப்பு. என்னை யாரும் பின்தொடர்ந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்தொடராமல் இருக்க நான் ஒவ்வொரு மாதமும் கட்டுகிற டிக்கெட்டு அது. இலவசம் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டது தப்பு.

சரி, இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா செந்தூலில் முப்பது வருஷம் வீட்டிலேயே ரவிக்கை தைத்தவர். வாயில் புடவையோடு, ரப்பர் செருப்போடு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அந்தச் சாம்பல் கோட்டு இன்னும் இருந்தது. அம்மா விலையைத் தேடவில்லை. நேராகக் கீழ் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார். விற்பனைப் பெண் வந்தாள், மலாய்க்காரப் பெண், இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அம்மா மலாயில், "உள்ளே பார்க்கலாமா நாக் (மகளே)? நான் தையல்காரி" என்றார். அவள் கோட்டைத் தாங்கியிலிருந்து எடுத்து, மேசைமேல் விரித்து, முழுதாக உள்பக்கம் திருப்பிப் போட்டாள்.

அப்புறம் அரை மணி நேரம் நான் அங்கே இல்லாத மாதிரிதான். பைக்கு மேல் மூடி வைத்திருந்தது. கட்டத்தின் கோடு மூடியிலிருந்து உடலுக்கு ஒரு நூல்கூட நகராமல் ஓடுகிறது. "இதுக்குத் துணி ரொம்ப வீணாகும். கோடு சேர்ற எடத்துலதான் வெட்டணும்" என்றார் அம்மா. முதுகு லைனிங்கில் நடுவே ஒரு மடிப்பு விட்டிருந்தார்கள். கையை முன்னால் நீட்டும்போது கிழியாமல் இருக்க. அதைக் கையால் இழுத்து இழுத்துக் காட்டினார். ஒவ்வொரு பித்தானுக்குப் பின்னாலும், உள்பக்கம், இன்னொரு குட்டிப் பித்தான். நூல் துணியைக் கிழிக்காமல் அது தாங்குமாம். அந்தப் பெண் ஒன்றரை வருஷமாக அங்கே நிற்கிறாளாம், அதைக் கவனித்ததே இல்லை என்றாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

விலையை நான்தான் சொன்னேன். அம்மா கோட்டை நேராக்கி, தோளைத் தட்டிவிட்டு, "கூலி நியாயமாத்தான் போட்டிருக்கான். மிச்சம் எதுக்குன்னுதான் தெரியல" என்றார்.

திரும்பும்போது மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்க வைத்தார். தையல் சாமான் கடையில் அந்தக் குட்டிப் பித்தான் ஒரு டஜன் வாங்கினார். இப்போது என் அலுவலகக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பித்தானையும் பிரித்து, பின்னால் ஒன்று வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் ஆண்கள் பக்கம் போகலாம், சூட்டின் காலரை உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்கிறார்.

நைட் ஷிப்ட்

அம்மாவோடு நானும் வரலாமா அக்கா?

செந்தூல்காரி

வாங்க தம்பி. ரப்பர் செருப்பிலேயே வாங்க.

கணக்குப்பிள்ளை

அந்தப் பித்தான் டஜன் எவ்வளவு?